பழுது பார்க்கத் தெரிஞ்சாத்தான் அது நம்ம ரேடியோ

நோர்வூட்டுக்குக் கொத்மலை ஒன்றும் தூரதேசம் இல்லை. இரண்டும் ஒரே நுவரெலியா மாவட்டம்தான். ஆனால் 1998 வாக்கில் கொத்மலையில் நடந்த ஒரு விஷயம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடமாகப் பேசப்பட்ட அளவுக்கு நம்ம தோட்டங்களில் பேசப்படவே இல்லை.

மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்த கிராமத்து மக்களை மனதில் வைத்து 1989இல் தொடங்கியது கொத்மலை சமூக வானொலி. யுனெஸ்கோவின் ஆதரவில் அதற்கு இணைய இணைப்புக் கிடைத்தது. அந்தக் காலத்தில் இன்டர்நெட் என்பது கொழும்பில் வசதியான வீடுகளில் இருக்கிற சாமான். கொத்மலைக்காரர்கள் அதை வைத்து ஒரு புது வேலை செய்தார்கள். நேயர்கள் தங்களுக்குத் தெரிய வேண்டியதைத் தபாலில் எழுதி அனுப்பினார்கள். அறிவிப்பாளர் கலையகத்தில் உட்கார்ந்து அதை இணையத்தில் தேடினார். விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிடைத்ததை நேயர்களுக்குப் புரிகிற மொழியில் ரேடியோவில் விளக்கினார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களுக்கும் அதே இணைப்பு நீட்டப்பட்டது. கம்பியூட்டரைத் தொட்டே பார்க்காத ஆட்கள் ரேடியோ வழியாக இணையத்தைப் பயன்படுத்தினார்கள்.

அந்த வானொலி பெரும்பாலும் பேசியது சிங்களத்தில். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது யாருக்காக வந்ததோ அவர்களோடு பேசியது. நாங்கள் பார்ப்பது அளவை. ஒரு சின்னக் கலையகம், ஒரு இணைப்பு, ஆர்வமுள்ள சில பேர். அவ்வளவுதான் இருந்தது. இன்றைக்கு நோர்வூட் டவுனில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அதைவிட வேகமான இணைப்பு இருக்கு. அதில் ரீல்ஸ் ஓடுது. அடுத்தவர் பேசுவதைக் கேட்கிறதோடு நம்ம வேலை முடிஞ்சு போச்சு.

எங்கள் கருத்து இதுதான். நோர்வூட் மாதிரி ஒரு ஊரிலிருந்து, வீட்டில் இருக்கிற பழைய கம்பியூட்டரை வைத்தே இணைய வானொலி நடத்தலாம், நடத்தணும். மென்பொருள் இலவசம். செலவு சமாளிக்கிற அளவுதான். பெரிய தடை வேறு இடத்தில் இருக்கு: ஏதாவது நின்றுபோனால் எங்கே நின்றது என்று தேடிக் கண்டுபிடிக்கிற பழக்கம் நமக்குச் சொல்லித்தரப்படவில்லை.

இப்ப ஏன் ரேடியோ?

நியாயமான கேள்வி. நம்ம தாத்தா பாட்டிமார் காலத்தில் லயத்துக்கு ஒரு ரேடியோ பெட்டி இருந்தாலே பெரிய விஷயம். இலங்கை வானொலி, அதை விட்டால் லண்டன் பிபிசி தமிழோசை. 1941இல் தொடங்கிய தமிழோசை வானொலியில் கடைசியாக ஒலித்தது 2017 ஏப்ரல் 30ஆம் திகதி. இந்தப் பக்கம் 1998இல் சூரியனும் சக்தியும் வந்தன. எப்.எம். தமிழ் காம்பராவுக்குள் வந்தது, பாட்டும் கலகலப்பும் வந்தது. ஆனால் அவை கொழும்பிலிருந்து முழு நாட்டோடும் பேசுகிற வானொலிகள். பொகவந்தலாவ ரோட்டில் மண்மேடு சரிந்து பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போக முடியாத காலையில், அது செய்தியில் ஒரு வரியாக வந்தாலே அதிசயம். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. நோர்வூட் அவர்களுக்கு ஒரு புள்ளி, நமக்கு முழு ஊர்.

அப்படியென்றால் நமக்கென்று ஒரு எப்.எம். கேட்கலாமே? கேட்கணும், அந்தக் கோரிக்கையை விடக்கூடாது. இந்தியாவில் 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 'அண்ணா எப்.எம்.' தொடங்கியது. 2006இல் தொண்டு அமைப்புகளும் சமூக வானொலி நடத்த அங்கே வழி திறந்தது. இங்கே கொத்மலை வானொலியே இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ்தான் இயங்கியது. அலைவரிசை என்பது அனுமதிப் பத்திரமும் கோபுரமும் காசும் சம்பந்தப்பட்ட நீண்ட வழி.

அதோடு எப்.எம். அலை நேராகப் போகிற அலை. குறுக்கே மலை நின்றால் பின்னால் இருக்கிற பள்ளத்துக்கு இரைச்சல்தான் வரும். கோபுரமே கிடைத்தாலும் அது மலையைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு மட்டும்தான். நோர்வூட் ஆட்கள் நோர்வூட்டில் மட்டுமா இருக்காங்க? வெள்ளவத்தைக் கடையில் சாமான் கட்டுகிற தம்பி, கட்டுநாயக்காவில் நைட் ஷிப்ட் செய்கிற அக்கா, குவைத்தில் யார் வீட்டுப் பிள்ளையையோ பார்த்துக்கொள்கிற அம்மா, இவங்களும் நோர்வூட்தான். எந்த எப்.எம். கோபுரமும் இவங்களையெல்லாம் ஒரே நேரத்தில் தொடாது. இணைய வானொலி தொடும்.

"பேஸ்புக் லைவ் போட்டாப் போதாதா?" இதையும் பார்த்துவிடுவோம். வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடுகிற ஒரு வீடியோவை ஒரு மணித்தியாலம் பார்த்தால் 450 எம்பி டேட்டா போகும். பேச்சு நிகழ்ச்சியை 32 கிலோபிட்டில் கேட்டால் அதே ஒரு மணித்தியாலத்துக்கு 14.4 எம்பி. தினம் இரண்டு மணித்தியாலம் வைத்து முப்பது நாள் கேட்டாலும் 864 எம்பிதான். நாள் சம்பளத்தில் ரீலோட் போடுகிற வீட்டில் இது சின்னக் கணக்கு இல்லை. அடுத்தது, வீடியோவுக்குக் கண்ணைக் கொடுக்கணும். ரொட்டி தட்டிக்கொண்டே, துணி துவைத்துக்கொண்டே கேட்க முடிவது ரேடியோ மட்டும்தான். கடைசியாக, பேஸ்புக்கில் நம்ம பேச்சை யாருக்குக் காட்டணும் என்று தீர்மானிப்பது பேஸ்புக். நம்ம ரேடியோவில் முகவரி தெரிந்த யாரும் வந்து கேட்கலாம்.

பைப்பைப் பிடிச்சு மேலே ஏறுங்க

இதில் உள்ள தொழில்நுட்பம் நமக்குத் தெரிந்த விஷயம் மாதிரிதான். லயத்து பைப்பில் தண்ணி வரவில்லை என்றால் என்ன செய்வோம்? பைப்பையே திட்டிக்கொண்டு நிற்கமாட்டோம். குழாய் போகிற வழியே மேலே ஏறிப் பார்ப்போம். எங்கே கழன்றிருக்கு, எங்கே அடைச்சிருக்கு, இல்லை மேலே ஊற்றிலேயே தண்ணி இல்லையா என்று. இணைய வானொலியில் பழுது பார்ப்பதும் இதே வேலை.

குழாய் நாலு துண்டு. முதல் துண்டு மைக். இரண்டாவது, மைக்கில் வருகிற சத்தத்தைச் சுருக்கி இணையத்தில் அனுப்புகிற மென்பொருள். 'பட்' என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கு, பழைய கம்பியூட்டரிலும் ஓடும். மூன்றாவது, அனுப்பியதை வாங்கிப் பல பேருக்குப் பிரித்துக் கொடுக்கிற சேர்வர். அதற்கு 'ஐஸ்காஸ்ட்'. நாலாவது, கேட்கிறவர் கையில் இருக்கிற விஎல்சியோ பிரவுசரோ. இந்த மென்பொருட்கள் எல்லாம் இலவசம், திறந்த மூலம். கொத்மலைக்கு இணையம் வந்த அதே 1998இன் கடைசியில்தான் 'வின்அம்ப்' செய்த நல்சொஃப்ட் ஆட்கள் 'ஷவுட்காஸ்ட்' வெளியிட்டார்கள். அதோடுதான் வீட்டுக் கம்பியூட்டரில் ரேடியோ நடத்துவது சாதாரண ஆட்களுக்கும் எட்டியது. ஐஸ்காஸ்ட் அதை ஒட்டியே வந்த திறந்த மூல வழி.

முதலில் கேட்கிற பக்கம். ஒரு இணைய வானொலி ஓடவில்லை என்றால் வேறொரு வானொலியைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் உங்கள் கம்பியூட்டரும் நெட்டும் சரி, பழுது அந்த வானொலிப் பக்கம். இரண்டும் ஓடாவிட்டால் பழுது உங்கள் பக்கம். இந்த ஒரு நிமிட வேலை பாதித் தேடலைக் குறைத்துவிடும்.

பிரவுசரில் ஓடாதது விஎல்சியில் ஓடும், இது அடிக்கடி நடக்கும். இணையப் பக்கம் பூட்டுப்போட்ட 'எச்டிடிபிஎஸ்' முகவரியில் இருக்கும், வானொலி ஓடையோ பழைய 'எச்டிடிபி' முகவரியில் இருக்கும். அப்படி இருந்தால் பிரவுசர் சத்தமில்லாமல் தடுத்துவிடும். அந்த ஓடையின் முகவரியை எடுத்து, விஎல்சியில் கன்ட்ரோல் விசையோடு என் விசையை அழுத்தி வருகிற பெட்டியில் போட்டால் பாடத் தொடங்கும். சில வானொலிகள் முகவரிக்குப் பதிலாக 'பிஎல்எஸ்' அல்லது 'எம்3யு' என்று முடிகிற ஒரு கோப்பைத் தரும். அது பாட்டுக் கோப்பு இல்லை, முகவரி எழுதின துண்டுச்சீட்டு. நோட்பேடில் திறந்தால் உண்மையான முகவரி உள்ளே தெரியும். பழைய தளங்களில் பிளேயர் வெறும் கட்டமாக நின்றால் அது பிளாஷ் காலத்துப் பிளேயராக இருக்கலாம். பிளாஷுக்கு 2020 டிசம்பர் 31ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. அங்கேயும் முகவரியைத் தேடி எடுத்து விஎல்சியில் போடுவதுதான் வழி.

விட்டு விட்டுக் கேட்டால் சேமிப்பைக் கூட்டுங்கள். விஎல்சி வழக்கமாக 1000 மில்லிசெக்கன், அதாவது ஒரு செக்கன் அளவு சத்தத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும். அதை 5000 ஆக்கினால் சிக்னல் கொஞ்ச நேரம் தடுமாறினாலும் பேச்சு அறுந்துபோகாது. நம்ம பக்கம் மழை நாளில் இது பெரிய உதவி.

இனி ஒலிபரப்புகிற பக்கம். மைக்கில் பேசும்போது பட் மென்பொருளில் சத்த அளவு காட்டுகிற கோடு ஆடுதா? ஆடவில்லை என்றால் பழுது முதல் துண்டில்தான், இணையத்தைத் திட்ட வேண்டாம். விண்டோஸ் 10, 11இல் தனியுரிமை அமைப்புக்குள் போய், மைக்கைப் பயன்படுத்த மென்பொருட்களுக்கு அனுமதி இருக்கா என்று பாருங்கள். அங்கே மூடியிருந்தால் எவ்வளவு கத்தினாலும் கோடு ஆடாது. லெப்டொப்பின் சொந்த மைக்கையும் வெளியே குத்தின மைக்கையும் மாற்றித் தெரிவு செய்திருப்பதும் சகஜம்.

கோடு ஆடுது, ஆனால் இணையவில்லை. அப்போது நாலு விஷயம் சரி பார்க்கணும்: சேர்வர் முகவரி, போர்ட் இலக்கம், கடவுச்சொல், சாய்வுக்கோட்டோடு தொடங்குகிற ஓடையின் பெயர். ஐஸ்காஸ்ட்டின் வழக்கமான போர்ட் 8000. கடவுச்சொல் பிழை என்று செய்தி வந்தால் சந்தோஷப்படுங்கள். சேர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், சாவிதான் தப்பு. பதிலே வராமல் இழுத்துக்கொண்டு நின்றால் முகவரியோ போர்ட்டோ பிழை, அல்லது சேர்வர் ஓடவில்லை. இரண்டும் வேறு வேறு பழுது. இங்கிலீஷில் சிவப்பு எழுத்து வந்ததும் மூடிவிடாமல், அந்த வரி எந்தத் துண்டைப் பற்றிப் பேசுது என்று மட்டும் பாருங்கள்.

இணைஞ்சிருச்சு, ஆனாலும் யாருக்கும் கேட்கவில்லையாம். உங்கள் போனில் வைபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் உங்கள் ஓடையை நீங்களே கேட்டுப் பாருங்கள். சில செக்கன் தாமதமாக வந்தால் அது பழுது இல்லை, வழக்கம். போன் சத்தம் மைக்குக்குள் போகாமல் ஹெட்போனில் கேளுங்கள்.

சேர்வரை எங்கே வைப்பது?

நிறையப் பேர் இடறி விழுகிற இடம் இது. ஐஸ்காஸ்ட்டை நம்ம வீட்டுக் கம்பியூட்டரிலேயே போடலாம், வீட்டுக்குள் கேட்கும். வெளியே கேட்காது. காரணம், சிம் போட்டு ஓடுகிற 4ஜி ரவுட்டருக்குப் பெரும்பாலும் தனி வெளிமுகவரி கிடையாது. ஒரே வெளிமுகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். லயத்துக்கே ஒரு தபால் முகவரி என்று வளர்ந்த நமக்கு இது புதுசா என்ன? தோட்டத்துப் பேருக்கு வருகிற கடிதம் நம்ம காம்பராவைத் தேடி வராத மாதிரி, வெளியே இருந்து வருகிற நேயரும் நம்ம கம்பியூட்டரைத் தேடி வர முடியாது.

தனி முகவரி கிடைத்தாலும் கணக்கு உதைக்கும். 64 கிலோபிட் ஓடையை 100 பேர் வீட்டிலிருந்து நேரே இழுத்தால், நாம் மேலே அனுப்ப வேண்டியது 6.4 மெகாபிட். தோட்டத்துச் சிக்னல் அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது. அதனால் சேர்வரை வெளியே, வாடகைக்குக் கிடைக்கிற இடத்தில் வையுங்கள். அப்போது ஒருவர் கேட்டாலும் 100 பேர் கேட்டாலும் வீட்டிலிருந்து போவது ஒரே ஒரு 64 கிலோபிட் ஓடைதான். பேச்சுக்கு 32 போதும். மாச வாடகையை நாலைந்து பேர் பங்கு போட்டால் தலைக்கு வருவது பெரிய பாரம் இல்லை.

கரண்ட்? 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்து பழகினவங்க நாம். லெப்டொப்பில் பெட்டரி இருக்கும், ரவுட்டரில் இருக்காது. ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வேணும். ஐஸ்காஸ்ட்டில் மாற்று ஓடை என்று ஒரு வசதியும் உண்டு. நம்ம வீட்டு இணைப்பு அறுந்தால், சேர்வரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற இன்னொரு ஓடைக்கு நேயர்களைத் தானாக மாற்றிவிடும். பழைய நிகழ்ச்சி ஒன்றை அங்கே ஓடவிடலாம்.

எதைப் பேசுறது?

சினிமாப் பாட்டு வேண்டாம் என்றே சொல்வோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அந்தப் பாட்டுகள் அடுத்தவர் சொத்து, அனுமதியில்லாமல் ஒலிபரப்புவது வம்பு. அதைவிட முக்கியம், அந்தப் பாட்டைப் போடுவதற்கு ஏற்கெனவே ஆயிரம் இடம் இருக்கு.

நம்மிடம் மட்டும் இருக்கிறது என்ன? சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்து அச்சில் கொண்டுவந்தார். சொற்கள் தப்பின. மெட்டு? அது இன்னமும் வயசான பெண்களின் தொண்டையில்தான் இருக்கு. காமன் கூத்தில் தப்பு மாறுகிற அடியை எந்தப் புத்தகமும் கேட்கவைக்காது. 2023இல் மலையகத்துக்கு 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். அந்த நடையைப் பற்றி எழுதினவை நிறைய. நடந்த பாட்டிமாரின் குரல் எங்கே பத்திரமாக இருக்கு? ஒலிபரப்புகிற ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பட் மென்பொருளே கூடவே பதிவு செய்யும். ரேடியோ நடத்துவது என்றால் காப்பகம் நடத்துவதும்தான்.

அது போக அன்றாட விஷயம். ஈபிஎப் பணம் எடுக்க எந்தப் படிவம், சம்பளச் சீட்டில் எதுக்கு எவ்வளவு வெட்டுறாங்க, சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம். கொத்மலைக்காரர்கள் தபாலில் கேள்வி வாங்கினார்கள், நாம் வட்ஸ்அப் குரல் செய்தியில் வாங்கலாம். எழுதத் தெரியாதவரும் கேள்வி கேட்கலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

பேசுகிறவர்கள் பொறுப்போடும் பேசணும். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்துவிட்டது. அதில் எங்களுக்குக் கேள்விகள் உண்டு. ஆனால் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒருவரைப் பற்றி ஊர்வம்பு பேசுகிற ரேடியோ ஒரு மாசம்கூட நிலைக்காது.

இதால் முடியாதது

மண்சரிவு எச்சரிக்கைக்கு இணைய வானொலியை நம்பி இருக்கக்கூடாது. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தவில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் பல இடங்களில் கரண்டும் போன் சிக்னலும் சேர்ந்தே போயின. அந்த நேரத்தில் பெட்டரியில் ஓடுகிற எப்.எம். பெட்டிதான் துணை. ஆகவே அரசாங்கம் தமிழில் நேரத்துக்கு எச்சரிக்கை தரணும் என்ற கோரிக்கையை இணைய வானொலியைக் காட்டி யாரும் தட்டிக்கழிக்கக்கூடாது.

ஆனால் புயலுக்கு முந்தின நாள் இருக்கே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக எச்சரிக்கை விடும். மஞ்சள் வந்தால் கவனம், செம்மஞ்சளுக்கு ஆயத்தம், சிவப்பு என்றால் கிளம்பணும். நம்ம பேச்சுத் தமிழில், எந்த லயத்துக்குப் பின்னால் எந்த மண்மேடு இருக்கு என்று தெரிந்த ஒருவர் இதை மழைக்காலத்துக்கு முன்பே பத்துத் தடவை சொல்லலாம். அதுக்கு ஊர் ரேடியோவை விடப் பொருத்தமானது இல்லை.

இன்னொன்று. சில தோட்டங்களில் பட்டன் போன் வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்காங்க. அவர்களுக்கு ஓடை எட்டாது. பக்கத்து வீட்டு இஸ்தோப்பில் ஒரு போனைச் சத்தமாக வைத்து நாலு பேர் சேர்ந்து கேட்கட்டும். முன்னே ரேடியோ பெட்டியைச் சுற்றி உட்கார்ந்ததும் அப்படித்தான்.

தொடங்குறது எப்படி?

இலங்கையின் ரேடியோவே ஒட்டு வேலையில் பிறந்ததுதான். 1920களில் கொழும்புத் தந்தி அலுவலகப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரும் கூட்டாளிகளும், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளை வைத்துத்தான் முதல் ஒலிபரப்பைப் பரீட்சித்தார்கள் என்று வானொலி வரலாறு சொல்கிறது. 1925 டிசம்பர் 16இல் அது முறையான வானொலியானது. கையில் கிடைத்ததை வைத்து, பழுது பார்த்துப் பார்த்துச் செய்த வேலை.

நம்ம பக்கத்துக் கம்பியூட்டர் வகுப்புகளில் சொல்லித்தருவது பெரும்பாலும் வேர்ட், எக்செல், போட்டோஷொப். எதை அமுக்கணும் என்று படிக்கிறோம், வேலை செய்யாவிட்டால் எங்கே தேடணும் என்று படிப்பதில்லை. அதனால் சின்னப் பழுதுக்கும் ஹட்டனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ரேடியோ நடத்துவதில் கிடைக்கிற முதல் லாபம் நேயர்கள் இல்லை. இந்தத் தேடுகிற பழக்கம்தான்.

ஆகவே எங்கள் யோசனை சின்னது. நாலு பேர் சேருங்கள். அதில் இரண்டு பேராவது பெண்பிள்ளைகளாக இருக்கட்டும். மைக்கில் பேசுவது அவர்கள், வயர் குத்துவது ஆம்பிளைகள் என்று பிரிக்கவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணித்தியாலம் போதும். கூடவே ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு தடவை ஏதாவது நின்றுபோகும்போதும் மூன்று வரி எழுதுங்கள்: என்ன ஆச்சு, குழாயில் எந்தத் துண்டு, எப்படிச் சரியாச்சு. தமிழில் எழுதுங்கள். ஆறு மாசத்தில் அந்தக் கொப்பி நோர்வூட்டுக்கு மட்டும் இல்லை, மஸ்கெலியாவிலும் பண்டாரவளையிலும் ரேடியோ தொடங்க நினைக்கிற பிள்ளைகளுக்கும் முதல் பாடப்புத்தகமாக இருக்கும். எழுதினதும் எங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.